கூட்டிச் சொல்லாதவர்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பதினாலு வயதில் கிணறு வெட்டும் கூட்டத்தோடு மண்கூடை சுமக்கப் போனேன். இன்றைக்குத் திருச்செங்கோட்டு ரோட்டில் என் பேரில் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற நாலு ரிக் வண்டி நிற்கிறது. ராஜஸ்தான் மணலிலும் போர் போட்டுத் தண்ணி காட்டியவன். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவன்தான் அடக்கமாகப் பேசுவான்.

இப்படிப்பட்ட என்னைப் பார்த்து எங்கள் ஊரில் ஒரே ஒருவர் மட்டும் வாயைப் பிளந்ததில்லை. மரியாதை குறைவாகவும் நடத்தியதில்லை. இருக்கிற அளவுக்கு மதித்தார், கூட ஒரு விரற்கடை கிடையாது. பால் சொசைட்டியில் பாலின் தரம் பார்த்து எடுக்கும் வேலை அவருக்கு. என்னைவிட இரண்டு வயது இளையவர். பேர் வேண்டாம். ஊரே அவரைச் சொசைட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

காலையில் சொசைட்டி வாசலில் பெண்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். அவர் பாலின் அடர்த்தி காட்டும் கண்ணாடிக் குழலைக் கேனில் விட்டு, அது ஆடி அடங்குகிறவரை மூச்சை அடக்கிக் குனிந்து பார்ப்பார். கொக்கு மீனைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

"இருபத்தஞ்சுங்க அம்மணி."

"நேத்து இருபத்தேழுன்னீங்களே?"

"நேத்து இருபத்தேழுங்க. இன்னிக்கு இருபத்தஞ்சுங்க."

"மாடு மழையில நனஞ்சு போச்சுங்க, அதான்."

"இருக்குமுங்க. பாலு இருபத்தஞ்சுங்க."

சண்டை போட முடியாது. குரல் ஏறினால்தானே சண்டை வரும்? ஒருநாள் அவர் சம்சாரம் கொண்டுவந்த பாலையே "இருபத்திரெண்டு, எடுக்க முடியாது" என்று திருப்பிவிட்டார். அந்தம்மா அத்தனை பெண்களுக்கு முன்னால் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஊட்டுக்கு வா. காப்பிக்குப் பதிலா அந்தக் குழலத் தாரேன், சப்பீட்டுக் கெட" என்று சொல்லிவிட்டுப் போனது. வரிசையே சிரித்தது. இவர் அடுத்த கேனில் குழலை விட்டுக் குனிந்துவிட்டார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. யாருடைய பால் எத்தனை டிகிரி என்று அடுத்தவரிடம் சொல்ல மாட்டார். தண்ணி கலக்குவது யார் என்று சொசைட்டித் தலைவர் ஒருமுறை கேட்டதற்கு, "அவங்கவங்களுத அவங்கவங்ககிட்டச் சொல்லீட்டனுங்க" என்றாராம். தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

என்னையும் விட்டதில்லை. என் சொந்தக் காட்டில் போர் போட்டபோது ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. தண்ணி பீய்ச்சி அடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆயிரம் அடி! இந்தச் சில்லாவுல ஆயிரம் அடிக்குக் கீழ போயிக் கங்கையக் கொண்டாந்தவன் நான் ஒருத்தன்தான்" என்றேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து வந்தார். மடியிலிருந்த கூழாங்கற்களைத் தரையில் கொட்டினார். துளை போடும் ராடு ஒவ்வொன்று இறங்கும்போதும் ஒரு கல் எடுத்து மடியில் போட்டிருக்கிறார், மனுசன்!

"நாப்பத்தி ஒரு ராடுங்கண்ணா. ராடு இருவதடி. எண்ணூத்தி இருவதுங்க."

"ஏப்பா, தண்ணி வந்துதா இல்லியா?"

"நல்லா வந்துதுங்க. எண்ணூத்தி இருவதுல வந்துதுங்க."

அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பு ஒரு வருசம் என் காதில் கேட்டது.

சிரிப்புக்காரர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். என் அப்பன் படுக்கையில் கிடந்தபோது ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் "உங்களுக்கென்னங்க, பத்து நாள்ல எந்திரிச்சு ஏர் ஓட்டுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். இவர் வந்தபோது அப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நீ சொல்லு. நான் பொழச்சுக்குவனா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் இவர்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். அப்பன் அவர் கையை விடாமல் என் பக்கம் திரும்பினார். பிறகு, "அப்பிடின்னா புள்ளைய வரச்சொல்லு" என்றார். ஆட்டையாம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த என் தங்கச்சி சாயங்காலம் வந்து சேர்ந்தாள். இரண்டு நாள் அவள் மடியில் தலை வைத்திருந்து மூன்றாம் நாள் போனார். அந்த இரண்டு நாளைக் கொடுத்தவர் சொசைட்டிக்காரர்தான் என்று தங்கச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசிவரை என்றால், அந்த மலைவரை.

அந்த மலையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் சமவெளியில் எந்தக் காட்டில் நின்று பார்த்தாலும் அதன் தலை தெரியும். உச்சியில் பெருமாள் இருக்கிறார். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை ஏற வேண்டும். விடியும்போது அடிவாரத்தில் கால் வைத்தால் உச்சிக்குப் போகப் பகல் ஒரு மணி, திரும்பி இறங்கினால் பொழுது சாய்ந்துவிடும். கால்வாசித் தூரம் உடைந்த படி, அதற்கு மேல் படியும் கிடையாது. வெறும் பாறையும் முள்ளும்தான். காலில் செருப்புப் போடக்கூடாது. முதல்நாள் சாப்பாட்டோடு சரி, பெருமாளைக் கண்ணால் பார்க்கிறவரை பச்சைத்தண்ணி பல்லில் படக்கூடாது. இது எங்கள் பங்காளிகளின் கட்டுப்பாடு. முப்பது வருசம் நான்தான் முன்னால் போவேன். என்னோடு ஏறியவர்களில் பாதியில் திரும்பியவன் ஒருத்தன் கிடையாது என்று எல்லாரிடமும் சொல்வேன். உண்மையும் அதுதான்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று கேட்பார்கள். இறங்குகிறவர்கள், "அவ்வளவுதானுங்க, வந்தாச்சு, போங்க போங்க" என்பார்கள். அடிவாரத்தில் கேட்டாலும் அதுதான் பதில். பொய்தான். ஆனால் புண்ணியம் என்று நினைத்துத்தான் எல்லாரும் சொல்வோம்.

சொசைட்டிக்காரர் மட்டும் நின்று, திரும்பி மேலே பார்த்து, கீழே பார்த்து, "இன்னும் பாதிகூட ஆகலீங்க. வழுக்குப்பாறை இனிமேத்தான் வரும்" என்பார். ஒரு வருசம் சூரமங்கலத்திலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பெண்கள் பத்துப் பேர் அதைக் கேட்டுவிட்டு அப்படியே இறங்கிப் போய்விட்டார்கள்.

"சாமி பாக்க வந்தவங்கள வெரட்டி உடறயே, நீ நல்லாருப்பயா?" என்று கத்தினேன்.

"போகாதீங்கன்னு சொல்லலீங்கண்ணா. தூரத்தத்தானுங்க சொன்னேன்."

விரதத்திலும் அவர் கணக்கு வேறு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். ஒரு பாட்டில் தண்ணி பையில் வைத்திருப்பார். வேண்டுமென்கிறபோது எல்லாருக்கும் எதிரிலேயே குடிப்பார். "நான் வெரதமில்லீங்க, சும்மா ஏறுறேன்" என்று சொல்லிவிடுவார்.

ஆறு வருசத்துக்கு முன்னால் என் தங்கச்சி புருசனை மலைக்குக் கூட்டிப்போனேன். ஆட்டையாம்பட்டியில் தறி போட்டிருந்தவர். சாதுவான மனுசன், தறிச் சத்தத்திலேயே இருந்து இருந்து பேச்சுக் குறைந்துபோனவர். மகளுக்கு வரன் அமையட்டும் என்று நான்தான் வேண்டுதல் வைக்கச் சொன்னேன். "எனக்கு அவ்வளவு ஏற முடியாதுங்க மச்சான்" என்று ஒருமுறை சொன்னார். நான் சிரித்தேன். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நானும் மாப்பிள்ளையும் சொசைட்டிக்காரரும் பின்தங்கினோம். வழுக்குப்பாறைக்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வாய்வுப் புடிப்பு மாப்ளே, நடந்தாச் செரியாப் போவும்" என்றேன்.

சொசைட்டிக்காரர் அவர் முகத்தைக் குனிந்து பார்த்தார். பாலைப் பார்க்கிற அதே பார்வை. "எறங்கிறலாமுங்கண்ணா. ஆளு செரியில்லீங்க. இன்னும் பாதிகூட ஆகலீங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "மச்சான், இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்தாச்சு மாப்ளே. பத்து நிமிசம். அவன் பேச்சக் கேக்காதீங்க."

"கொஞ்சம் தண்ணி..." என்றார்.

சொசைட்டிக்காரர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். "உள்ள வையி" என்றேன். "இத்தன தூரம் வந்து வெரதத்தக் கெடுக்காத. மேல போனாத் தீர்த்தமே குடிக்கலாம்." அவர் என்னைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பாட்டிலை உள்ளே வைத்தார்.

இருபது முப்பது எட்டு நடந்திருப்போம். ஒரு தட்டைப் பாறையில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே சாய்ந்தார். சொசைட்டிக்காரர் ஓடிவந்து வாயில் தண்ணி விட்டார். அது கடைவாய் வழியாகக் கழுத்துக்கு ஓடியது. உள்ளே இறங்கவில்லை.

தண்ணி குடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும், நான் யாரையும் கேட்கவில்லை. கேட்ட தண்ணி கிடைக்காமல் போனார். அது தெரியும்.

வேட்டியில் தூளி கட்டி, மூங்கில் கழியில் மாட்டி இறக்கினோம். அடிவாரத்துக்கு வரும்போது பொழுது போய்விட்டது. வழியில் ஏறி வந்தவர்கள், "என்னாச்சுங்க?" என்று கேட்டார்கள். நான் கழியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். சொசைட்டிக்காரர், "எறந்துட்டாருங்க" என்று ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னார்.

வாசலில் தங்கச்சி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "சாமியப் பாத்தாரா அண்ணா? பாக்காமயே போயிட்டாரா?" என்று கதறினாள். நான் சொன்னேன்: "கண்ணு நெறையப் பாத்தாரு அம்மணி. பாத்துட்டுக் கோயல் வாசப்படியில உக்காந்தாரு. அப்பிடியே போயிட்டாரு." அவள் அழுகை ஒரு படி இறங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் சொசைட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லையே.

தறியை விற்றுவிட்டு, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டு, தங்கச்சி எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். இரண்டு மாடு பிடித்துக் கொடுத்தேன். தினம் சொசைட்டியில்தான் பால் ஊற்றினாள். அவள் கேனோடு திரும்பி வருகிறவரை நான் வாசலிலேயே நிற்பேன். இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ, அந்த ஆள் சொல்லிவிடுவாரோ என்று. அவள் கேட்கவில்லை. என் வார்த்தை அவளுக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

ஆனால் வருசம் திரும்பியதும், புருசன் உயிர் போன வாசற்படியில் விளக்கு வைக்க வேண்டும் என்று கிளம்பினாள். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஊர்ந்தும் தவழ்ந்தும் ஏறினாள். மற்றவர்கள் இறங்கிவிட்ட பிறகு நாங்கள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசற்படியைத் தடவித் தடவி, "எந்தப் பக்கம் அண்ணா உக்காந்தாரு?" என்றாள். நான் ஒரு பக்கத்தைக் காட்டினேன்.

அடுத்த வருசம் சொசைட்டிக்காரரையும் கூப்பிட்டாள். "அவரும் அன்னிக்குக் கூட இருந்தவருதான அண்ணா, வரட்டும்." என்னால் தட்ட முடியவில்லை.

படிகள் முடிகிற இடத்திலேயே அவளுக்கு முடியாமல் போய்விட்டது. கால் நடுங்குகிறது, உதடு வெளுத்துவிட்டது. அந்தத் தட்டைப் பாறைக்கு வந்தபோது அவளாகவே அதில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"பத்து நிமிசந்தான் அம்மணி, எந்திரி" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அதைச் சொன்னேன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க. வாசப்படி இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"நாலு மணி நேரமாகுமுங்க அம்மணி." அவள் உட்கார்ந்திருந்த பாறையைக் காட்டினார். "ஆனா நீங்க போகவேண்டியதில்லீங்க. எடம் இதுதானுங்க."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்தாள்.

"சாமியப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"என்னமாச்சும் சொன்னாருங்களா?"

"தண்ணி கேட்டாருங்க."

"குடுத்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பாட்டல் எம் பையில இருந்துச்சுங்க. நான் குடுக்கலீங்க."

தங்கச்சி எழுந்தாள். எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ, அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "பையில வச்சுக்கிட்டா? பையில வச்சுக்கிட்டா குடுக்கல பாவி? நீ குடிக்கிறயே, நீ மட்டும் குடிக்கிறயே!" அவர் அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். நான் அவள் கையைப் பிடித்து விலக்கினேன். விலக்கினேனே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு நிமிசத்தில் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது நாலே நாலு வார்த்தை.

பாறை மேலேயே விளக்கை வைத்துவிட்டு இறங்கினோம். அவர் பின்னால் தூரமாக வந்தார். தங்கச்சி வழி நெடுக என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நீ எனக்காகத்தான அண்ணா பொய் சொன்ன, எம் மனசு நோவக்கூடாதுன்னுதான சொன்ன" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளுடைய பாரம் முழுவதும் என் தோளில் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் சொசைட்டிக்குப் போகவில்லை. தனியார் பால் வேனுக்கு மாற்றிவிட்டாள். ஊரில் செய்தி பரவியது. பல பெண்கள் வேனுக்கு மாறினார்கள். சாகிறவனுக்குத் தண்ணி கொடுக்காதவன் என்று அவர் வீட்டு விசேசத்துக்குச் சிலர் போகவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கினார்கள். அவர் காலையில் அதே மாதிரி குனிந்து, குறைந்துபோன வரிசைக்கு அதே மாதிரி அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். கேன்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, ஏன் என்னையச் சொல்லல?"

"உங்களுத நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்கண்ணா" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தலாகப் பேசவும் வராது.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அந்தத் தையில் அவருக்குக் கிட்னி போய்விட்டது. ரத்தம் சுத்தம் பண்ணச் சேலத்துக்கும் ஊருக்கும் வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் போய்வந்தார். என் காரில் வரச்சொன்னேன், "பஸ் இருக்குதுங்க" என்றுவிட்டார். மாசி முடிவதற்குள் போய்விட்டார். பந்தலில் போட்டிருந்த நாற்காலிகள் முக்கால்வாசி காலியாகக் கிடந்தன. சாதாரணமாக எங்கள் ஊர்ச் சாவுக்கு நாற்காலி போதாது. அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டது. புருசன் அந்தம்மாவிடம் சொல்லியிருப்பாரா? இருக்காது. ஆனாலும் அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

தங்கச்சி வரவில்லை. நான் திரும்பும் வழியில் அவள் வீட்டு வாசலில் நின்றேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தாச்சா?" என்றாள்.

"எடுத்தாச்சு அம்மணி."

"கடைசியில அந்தாளுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. அன்றைக்கும் சொல்லாமல்தான் வந்தேன். மூன்று வருசம் ஆகிறது. நேரில் நின்று சொல்கிற தைரியம் எனக்கு இனி வராது என்று தெரிந்துவிட்டது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், மெதுவாகப் படிப்பாள். மேலே மலையைப் பற்றி எழுதும்போதுகூடச் சொசைட்டிக்காரர் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டார் என்றுதான் எழுதியிருக்கிறேன். அது சரியான அளவில்லை.

அம்மணி, அவர் மூடியைத் திறந்துவிட்டார். உன் புருசன் வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். மாப்பிள்ளையும் வாயைத் திறந்துவிட்டார். அந்தக் கையைத் தட்டிவிட்டது நான்.